ரேடியோவால் கவிழ்ந்த ஆட்சி!

1954-ம் ஆண்டு மே மாதம். குவாதமாலா நாட்டில் புதிதாக ஒரு ரேடியோ பேசத் தொடங்கியது. அதன் பெயர், "விடுதலைக் குரல்".

நாட்டின் நடுக்காட்டில் இருந்து பேசுவதாக அது சொன்னது. ஜூன் 18-ந் தேதி எல்லையில் படை நுழைந்ததும் இன்னும் உரக்கப் பேசியது. பெரும் படை வருகிறது என்றது. ஜனங்கள் நடுங்கினார்கள்.

அத்தனையும் புளுகு! பேச்சு பதிவானது அமெரிக்காவின் மியாமி நகரில். ஒலிபரப்பானது வெளிநாட்டில் இருந்து. வந்த படையில் இருந்தவர்கள் சுமார் 480 பேர். நடத்தியது, அமெரிக்காவின் உளவு இலாகாவான சி.ஐ.ஏ.

வாழைத் தோட்டம்

குவாதமாலா, மெக்சிகோவுக்குத் தெற்கே உள்ள சிறிய நாடு. காபியும் வாழையும் விளையும் பூமி. ஆனால் நூற்றுக்கு 2 பேரிடம் 70 பங்குக்கு மேல் நிலம் குவிந்து கிடந்தது. அமெரிக்காவின் "யுனைடெட் புரூட்" என்ற வாழைப்பழக் கம்பெனிக்கு மட்டும் 5 லட்சம் ஏக்கருக்கு மேல்! பெரும்பகுதி சும்மா கிடந்த தரிசு.

ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி ஹாகோபோ ஆர்பென்ஸ், 1952-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார். பெரிய பண்ணைகளில் உழாமல் கிடக்கும் நிலத்தை சர்க்கார் விலைக்கு எடுத்து, ஏழைக் குடியானவர்களுக்குக் கொடுக்கும். சுமார் 1 லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன. ஆர்பென்சின் சொந்த நிலமும் இதில் போயிற்று.

கம்பெனிக்கு என்ன விலை? அங்கேதான் வேடிக்கை! வரியை மிச்சம் பிடிக்க, கம்பெனி தன் நிலத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டி வந்தது. சர்க்கார் அந்தக் கணக்கையே எடுத்தது. எடுத்த நிலத்துக்கு 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர் என்று விலை போட்டது. கம்பெனிக்காக அமெரிக்க சர்க்கார் கேட்டதோ, 1 கோடியே 58 லட்சம் டாலர்! வரி கட்ட ஒரு விலை, விற்க ஒரு விலை.

அப்போது அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜான் பாஸ்டர் டல்லஸ். சி.ஐ.ஏ. தலைவர் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்பு வேலை பார்த்த வக்கீல் கம்பெனி, இந்த வாழைப்பழக் கம்பெனிக்காக வேலை செய்த கம்பெனிதான்.

கம்யூனிஸ்டு அபாயம் என்று அமெரிக்கா காரணம் சொன்னது. ஆர்பென்சுக்கு கம்யூனிஸ்டு நண்பர்கள் இருந்தது உண்மை. ஆனால், சட்டசபையில் அவர்கள் 4 பேர்தான். மந்திரிகளில் ஒருவர்கூட இல்லை.

கேட்க ஆள் இல்லை

பகிரங்கமாகப் படை எடுத்தால், ஏன் என்று உலகம் கேட்கும். சொந்த நாட்டு ஜனங்களே கேட்பார்கள். மகனைப் போருக்கு அனுப்பும் தாய் கேட்பாள். சதிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அமெரிக்க வாக்காளர்களுக்கே விஷயம் தெரியாது! எந்த ஜனநாயகத்தைக் காப்பதாகச் சொன்னார்களோ, அதையே இருட்டில் வைத்தார்கள். இதைவிடப் பெரிய மோசடி என்ன இருக்கிறது?

480 பேரை விரட்ட குவாதமாலா ராணுவத்தால் முடியும். ஆனால், பின்னால் அமெரிக்காவே வந்துவிடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். சண்டை போட மறுத்தார்கள். ஜூன் 27-ந் தேதி ஆர்பென்ஸ் ராஜினாமா செய்தார். நாட்டை விட்டுப் போகும்போது, விமான நிலையத்தில் அவருடைய உடைகளைக் களைந்து சோதனை போட்டார்கள்.

படைத் தலைவன் காஸ்டியோ ஆர்மாஸ் ஜனாதிபதி ஆனான். நிலச் சட்டம் ரத்து! குடியானவர்கள் விரட்டப்பட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டும் இல்லை என்றான். வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர்கள்தான். நிலமும் போயிற்று, கேட்கும் உரிமையும் போயிற்று.

அவனும் நிலைக்கவில்லை. 1957-ல் சுட்டுக் கொல்லப்பட்டான். 1960-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. 36 ஆண்டுகள் நடந்தது. சுமார் 2 லட்சம் பேர் மாண்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர் மாயா இனத்து கிராமவாசிகள்.

சதியின் ரகசியக் காகிதங்களை சி.ஐ.ஏ. வெளியிடத் தொடங்கியது 1997-ல். ஆர்பென்ஸ் குடும்பத்தாரிடம் குவாதமாலா சர்க்கார் மன்னிப்புக் கேட்டது 2011-ல். அவர் 1971-லேயே மெக்சிகோவில் இறந்துவிட்டார்.