கொழும்பில் முளைத்த சபை



நம் மண்டபம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கொழும்பு பக்கத்து ஊர் மாதிரிதான் இருந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்துவிடுவார். தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்களை மண்டபம் கேம்ப்பில் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள்.

அந்தக் கொழும்பில் 1924இல் தொடங்கியதுதான் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். தொடங்கியவர் பாஸ்டர் பால். திருச்சூர்ப் பக்கம் ஓர் இந்துக் குடும்பத்தில் ராமன்குட்டியாகப் பிறந்து, சிறு வயதிலேயே கொழும்புக்கு வேலைக்குப் போனவர், அங்கேதான் கிறிஸ்தவரானார். இலங்கைக்காரரான ஆல்வின் டி ஆல்விஸ் அவருக்குத் தோள் கொடுத்தார். அந்தச் சபை கடல் தாண்டித் தமிழ்நாட்டில் வேர்விட்டு, பல நாடுகளுக்கும் பரவியது. இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன் என்று பெயர். தலைமையிடம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் கன்வென்ஷனுக்கு ஆயிரமாயிரமாய் ஜனம் கூடுகிறது.

அதை ஏற்கும் மண் இங்கே முன்பே பண்பட்டிருந்தது. பெந்தெகொஸ்தே வரலாற்றைப் பலரும் 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் தொடங்குவார்கள். ஆனால் 1860இலேயே தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரிய ஆன்மிக எழுப்புதல் ஒன்று நடந்தது. வத்திராயிருப்பு அருகே கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் அதை முன்னின்று நடத்தினார். பெந்தெகொஸ்தேயினரின் அடையாளமான அந்நிய பாஷையை மக்கள் அப்போதே பேசியதாகப் பதிவுகள் உண்டு.

பெந்தெகொஸ்தே மிஷனின் உயிர், ஊழியர்கள் சேர்ந்து வாழும் விசுவாச வீடுகளில் இருக்கிறது. ஊழியர்கள் திருமணம் செய்வதில்லை, சம்பளம் வாங்குவதில்லை. வெள்ளை உடுத்தி, ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து உண்கிறார்கள். விடியுமுன்னே ஜெபம் தொடங்கிவிடும். ஆராதனையில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். கைத்தட்டலோடு பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். வெளியே நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஓர் அம்மா எழுந்து, "ஸ்தோத்திரம்" என்று தொடங்கித் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்; சபையே கேட்கும். கூலி வேலை செய்பவருக்கும் அதிகாரிக்கும் அங்கே சாட்சி சொல்ல ஒரே உரிமைதான். கன்வென்ஷன் நாட்களில் விசுவாசிகளே காய் நறுக்கி, அண்டா அண்டாவாகச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுகிறார்கள். காசு கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு உண்டு என்று சொல்ல மாட்டேன். மருந்தை விலக்கி ஜெபத்தாலேயே குணமாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நோய் வந்தால் மருத்துவரிடம் போய்த்தான் ஆகவேண்டும். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஆனாலும் முன்பின் தெரியாதவரைப் பந்தியில் உட்காரவைத்து, அவர் கதையையும் காதுகொடுத்துக் கேட்கும் அந்தப் பழக்கத்தை மனதார மதிக்கிறேன். ஒரு சபை பெரிதாவது கட்டடத்தால் அல்ல, இப்படிப்பட்ட உபசரிப்பால்தான் என்று நம்புகிறேன்.

இதன் அருமை நம் ஊருக்குத் தெரியும். இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு, கட்டிய துணியோடு படகில் வந்து இறங்கியவர்களுக்கு இதே மண்டபம் கேம்ப்தான் தங்க இடம் தந்தது. அப்படி வருகிறவருக்கு முதலில் தேவைப்படுவது "வாங்க, சாப்பிடுங்க" என்ற ஒரு சொல். கோயிலோ, பள்ளிவாசலோ, மாதா கோவிலோ, ஜெப வீடோ, அந்தச் சொல்லைச் சொல்கிற இடம் பெரிய இடம்.

கப்பல் ஓடிய நாட்களையும், அக்கரையிலிருந்து வந்த ஊழியர்களையும், அந்நாளைய ஜெபக் கூட்டங்களையும் நேரில் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்த மதத்தவர் ஆனாலும் சரி, வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்