பையன் கையில் இருக்கும் கார்டு அசலா?

சின்னாளப்பட்டிக்குச் சுங்குடிச் சேலை வாங்க வரும் பெண்மணிகளை எளிதில் ஏமாற்றிவிட முடியாது. துணியைப் புரட்டிப் பார்ப்பார்கள். புள்ளியை விரலால் தடவுவார்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளி ஒன்றைப் போல் ஒன்று இராது. அச்சடித்த புள்ளியோ அத்தனையும் ஒரே அளவு. இத்தனை கெட்டிக்காரத் தாய்மார்கள், தங்கள் பிள்ளைகள் பெட்டிக்கடையில் வாங்கி வரும் "போக்கிமான்" கார்டை ஒரு தடவையாவது புரட்டிப் பார்த்ததுண்டா?

"விளையாட்டுச் சாமான்தானே!" என்று சொல்லக்கூடும். 1996-ல் ஜப்பானில் பிறந்த விளையாட்டுதான். ஆனால், 2021-ல் ஒரே ஒரு கார்டு 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்புக்குக் கைமாறியது! பணம் புழங்கும் இடத்தில் போலி முளைக்கக் கேட்க வேண்டுமா?

போலியின் சாமர்த்தியமெல்லாம் படத்தில்தான். அட்டையில் அது அகப்பட்டுக்கொள்ளும். அசல் கார்டின் நடுவே கறுப்புப் படலம் ஒன்று வைத்து ஒட்டியிருக்கும். ஓரத்தை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும். டார்ச் லைட்டை ஒரு பக்கம் பிடித்தால், பெரும்பாலான போலிகளில் வெளிச்சம் தாராளமாக மறுபக்கம் வந்துவிடும். அசலில் அவ்வளவு வராது. அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். பின்பக்க நீலம் வெளிறியிருந்தாலோ, எழுத்துப் பிழை இருந்தாலோ சந்தேகப்படலாம். சேலையில் புள்ளி பிசகினால் அது கைவேலை. கார்டில் அச்சு பிசகினால் அது பெரும்பாலும் கள்ள வேலை!

தங்க நிறத்தில் பளபளக்கும் கார்டுகள் கட்டுக்கட்டாகச் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. பையன்களுக்கு இவற்றின் மேல்தான் மோகம். விசேஷ வெளியீடாக அசல் உலோகக் கார்டு வந்ததுண்டு. அது இப்படிக் கட்டாக வராது.

அசலிலும் தில்லுமுல்லு உண்டு. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுடன் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று, 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. அதன் ஓரங்களைத் தாமே நறுக்கிப் புதிது போல் ஆக்கியதாக, ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். அங்கே பெரிய மனிதர்களே ஏமாந்தார்கள்.

இங்கே ஏமாறுவது எட்டு வயதுப் பிள்ளை. மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த அசலைக் கொடுத்துவிட்டு, மினுமினுக்கும் போலியை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வீடு திரும்புகிறான். அவன் தோழனும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. கடைக்காரர் சொன்னதை நம்பினான்.

பொய்யான வணிகக் குறியிட்ட சரக்கை விற்றால், 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மொத்த வியாபாரி தரும் சரக்கைத் தோரணம் கட்டி விற்கும் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரிந்திராது. இனியாவது, பில் இல்லாத கார்டுக் கட்டுகளை அவர்கள் திருப்பி அனுப்பட்டும். போலி என்று தெரிந்தாலும் பெற்றோர்கள் பையனின் டப்பாவைப் பிடுங்கி எறிய வேண்டாம். அவன் அதை வைத்து ஆசை தீர விளையாடட்டும்; அசல் என்று சொல்லி இன்னொரு பிள்ளையிடம் மாற்றக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.