நர்ஸம்மாவும் ஏகாதசி விரதமும்

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன். இது மருத்துவ ஆலோசனை இல்லீங்கோ :)

மேடலின் லைனிங்கர்னு ஒரு அமெரிக்க நர்ஸ். 1960களின் தொடக்கத்துல பப்புவா நியூ கினி மலைக்கிராமத்துல தங்கி, அந்த மக்கள் நோயாளியை எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க. அவங்க தியரியோட சாரம் மூணே வரி. நோயாளியோட பழக்கம் நல்லதுன்னா அப்படியே விடு. வைத்தியத்தோட இடிச்சா, பேசி சமரசத்துக்கு வா. ஆபத்துன்னா, அவங்களையும் சேர்த்துக்கிட்டு மாத்து.

"தியரி பரீட்சைக்கு, வார்டுக்கு இல்லை"ன்னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு இதுல உடன்பாடில்லை.

ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்குங்க. வைகுண்ட ஏகாதசி. சர்க்கரை நோய் உள்ள பாட்டி ஒருத்தங்க. "விரதமெல்லாம் கூடாது"ன்னு அதட்டினா, தலையாட்டிட்டு வீட்டுக்குப் போய் பட்டினிதான் கிடப்பாங்க. இன்சுலினை மட்டும் வழக்கம்போல போட்டுப்பாங்க. சுகர் சடார்னு இறங்கிடும், உயிருக்கே ஆபத்து. "பால், பழம் எடுத்துப்பீங்களா பாட்டி?"ன்னு முன்கூட்டியே கேட்டு, டாக்டர்கிட்ட சொல்லி அளவை மாத்திக் கொடுத்தா அது ரெண்டாவது வரி. திருச்சியில ரம்ஜான் நோன்பு இருக்கறவங்களுக்கும் இதே கேள்விதான். ஆபரேஷனுக்கு முன்னாடி, "தாலியைக் கழட்டிட்டு மஞ்சக்கயிறு கட்டிக்கம்மா"ன்னு சொல்ற நர்ஸும் இதைத்தான் செய்றாங்க.

நெத்தித் திருமண், தலகாணிக்கடியில துளசி... முதல் வரி. பொறந்த குழந்தைக்குத் தேனோ சர்க்கரைத் தண்ணியோ சேனை வைக்கறது மூணாவது. அங்க தாய்கிட்ட மட்டும் பேசிப் பிரயோஜனமில்லை, மாமியாரையும் உக்கார வெச்சுப் பேசணும்.

அப்போ கலாச்சாரம்னு சொன்னா எல்லாத்துக்கும் தலையாட்டணுமா? கூடாது. 1890கள்ல திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு பிரசவக் கேஸ். ஆண் டாக்டர் தொடக்கூடாதுன்னு வீட்டு ஆம்பளைங்க மறுத்துட்டாங்க. மூணு பெண்களும் செத்துப்போனாங்க. இதைப் பக்கத்துல இருந்து பார்த்த ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிச்சு, 1900ல வேலூர் வந்தாங்க. 1909ல நர்ஸிங் பள்ளி, 1918ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஊரைத் திட்டிட்டு உக்காராம, ஊர் ஏத்துக்கற வைத்தியத்தை உருவாக்கினாங்க.

ஆனா "இந்த நர்ஸ் என்ன சாதி? இவங்க என்னைத் தொடக்கூடாது"ன்னு ஒருத்தர் சொன்னா, அங்க சமரசமே கிடையாது. தன் உடம்புக்கு ஒருத்தர் வெச்சுக்கற கட்டுப்பாடு வேற, அடுத்த மனுஷரைக் கீழ இறக்கறது வேற.

நிஜமான சிக்கல் நேரம்தான். ஒரு ஷிப்ட்ல ஒரே நர்ஸ் வார்டு முழுக்க ஓடினா, எங்கே நின்னு கேக்கறது? அதனால ரெண்டு விஷயம் வேணும். போதுமான நர்ஸ்கள். அட்மிஷன் தாள்ல வயசு, எடை, அலர்ஜிக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: "சாப்பாடு, விரதம், வழிபாடு பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

கஸ்டமருக்கு என்ன வேணும்னு கேக்காம கோட் எழுதினா சாப்ட்வேர்தான் படுக்கும். ஆஸ்பத்திரியில படுக்கறது மனுஷங்க.

என்ன சொல்றீங்க மக்களே?