பிடியரிசி யாருடைய பங்கு?

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தமிழ்ச் சபைகளின் பிரசங்க மேடைகளில் ஓர் அதிகாரம் தவறாமல் திறக்கப்படுகின்றது. நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரம் அது. போதகர் 10ஆம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார். இருள் விலகுமுன் எழுபவள், வீட்டாருக்கு உணவு அளிப்பவள், நூல் நூற்பவள், இரவிலும் விளக்கை அணையவிடாதவள் என்று நற்குணமுடைய மனைவியின் பெருமை அங்கே விரிகின்றது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து தாய்மார் கையில் ஆளுக்கொரு பூவைக் கொடுப்பர். தாயின் சிக்கனமே குடும்பத்தின் ஆக்கம் என்ற வாழ்த்தோடு ஆராதனை முடியும். வீடு திரும்பிய தாய்மார் பூவை ஒரு குவளையில் இட்டுவிட்டு அடுக்களைக்குள் நுழைவர். விடியலில் எழுந்து அரைத்துவைத்த மசாலை அங்கே காத்திருக்கும்.

இந்தப் புகழுரையில் குறை காண்பது நன்றிகெட்ட செயல் என்று சிலர் சினக்கலாம். சினந்தாலும் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. தாயின் சிக்கனம் போற்றப்படும் வீட்டில் பணத்தைப் பற்றிய முடிவு யார் கையில் இருக்கின்றது? வருவாய் எவ்வளவு என்றே அறியாத ஒருத்தியிடம் மிச்சம் பிடிக்கச் சொல்லி, பிடித்த மிச்சத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கொடுப்பது எந்த வகை அறம்?

தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் பிடியரிசி என்றோர் அரிய வழக்கம் உண்டு. திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் வேரூன்றிய வழக்கம் அது. அச்சீமையிலிருந்து கடல்கடந்து வந்த குடும்பங்களுக்கும் அச்சொல் அந்நியமன்று. உலையிலிட அரிசியை அளந்ததும், அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள் தாய். கலயம் நிறைந்ததும் அரிசி ஆலயத்துக்குப் போகும். அங்கே விற்று வரும் பணம் ஊழியத்துக்கு உதவும். கையில் காசு புழங்காத ஏழைப் பெண்களும் கொடுப்போர் வரிசையில் நிற்க வழிசெய்த ஏற்பாடு என்ற அளவில் அதனைப் பாராட்டாதார் இரார்.

ஆயினும் அந்தப் பிடி யாருடைய பங்கு? ஐவருக்கென்று அளந்த அரிசியில் ஒரு பிடி குறைகின்றது. முதலில் உண்பவர் குடும்பத்தலைவர். அவர் தட்டில் குறைவு தெரியாது. அடுத்து ஆண்பிள்ளைகள், அவர்களுக்குப் பின் பெண்பிள்ளைகள். குறைவு முழுவதும் பானையின் அடியில் போய்ச் சேர்கின்றது. பானையின் அடியைச் சுரண்டி உண்பவள் எவளோ அவளுடைய பங்குதான் அந்தப் பிடி. ஆலயப் பதிவேட்டிலோ அக்காணிக்கை குடும்பத்தின் பெயரால் ஏறுகின்றது. குடும்பத்தின் பெயர் என்பது குடும்பத்தலைவரின் பெயர். தம் பங்கில் ஒரு பருக்கையும் குறையாத ஒருவர் கொடையாளர் ஆகிவிடுகின்றார்!

இதற்குச் சாறிபாத் ஊர் விதவையின் கதையை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உளர். பஞ்சக் காலத்தில் அவளிடம் எஞ்சியிருந்தது ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயும். தானும் மகனும் அதனைச் சுட்டுத் தின்றுவிட்டுச் சாவதென்று இருந்தவளிடம், முதலில் தனக்கு ஓர் அடை செய்து தரும்படி எலியா தீர்க்கதரிசி கேட்டார். அவளும் கொடுத்தாள். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் தன் வயிற்றைக் கட்டிக் கொடுப்பதே தாய்க்கு அழகு என்ற பாடம் கிடைக்கும். கதை இந்த இடத்தில் நிற்கவில்லை. மழை வரும் நாள்மட்டும் பானையில் மா குறையாது என்ற வாக்குறுதியோடுதான் தீர்க்கதரிசி அதனைக் கேட்டார். அவளும் அவள் வீட்டாரும் பலநாள் உண்டனர். பிடியைக் கேட்டவர் பானைக்கும் பொறுப்பேற்றார் என்பதே அங்குள்ள செய்தி. பிடியரிசிக் கணக்கைக் காத்துவரும் சபைகளுள் எத்தனை சபைகள் அவள் வீட்டுப் பானையின் கணக்கை விசாரித்தன?

இனி, மே மாதத்தில் வாசிக்கப்படும் அந்த அதிகாரத்துக்கே வருவோம். ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்திருப்பது போலவே, 10 முதல் 31 வரையிலான அந்த 22 வசனங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை முறையே முதலாகக் கொண்டு அமைந்தவை. தமிழாசிரியர்களுக்கு இச்செய்தி சுவைக்கும். ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்கள் பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை. அவற்றைப் பேசுபவள் யார்? ஒரு தாய். லேமுவேல் என்னும் அரசனுக்கு அவனுடைய தாய் சொன்ன அறிவுரையே அது. மதுவைத் தொடாதே, குடித்த அரசன் எளியவனின் நியாயத்தைப் புரட்டுவான், வாயற்றவர்களுக்காக வாய்திற என்று பெற்ற மகனை, அவன் அரசன் என்றும் பாராது, அவள் இடித்துரைக்கின்றாள். சிக்கனமான மனைவியின் புகழ்ச்சி மகனுக்குத் தாய் விடுக்கும் எச்சரிக்கைக்குப் பின்னரே வருகின்றது. முன்பாதியை மூடிவைத்துப் பின்பாதியை மட்டும் பாடம் நடத்துவோர், ஆண்களைக் குறித்த பகுதியைத் தவிர்த்துவிட்டுப் பெண்களைக் குறித்த பகுதியை மட்டும் கட்டளையாக்குகின்றனர்.

மலாயாத் தோட்டப்புறங்களின் வரலாற்றை அறிந்தோருக்கு இந்தத் தவிர்ப்பின் விலை தெரியும். 1920களின் பிற்பகுதியில், எளிதில் சென்றுசேரக்கூடிய வட்டாரங்களில் தமிழ்த் தொழிலாளர்க்கு வகுக்கப்பட்ட தர ஊதியம் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மாலையில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டிய தாய், ஆணைவிடப் பத்துக் காசு குறைவாகப் பெற்றாள். அதனைக் கொண்டே அவள் மிச்சம் பிடித்தாக வேண்டும். அவள் சேர்த்ததெல்லாம் கரைந்த இடம் எது? தோட்டத்திலேயே உரிமத்தோடு நடந்த கள்ளுக்கடை! சம்பள நாளில் கணவன் அந்த வழியாக வீடு திரும்பினான். வெங்காயத் தோலைக்கூட வீணாக்காத ஒருத்தியின் ஒரு மாத விரதத்தை ஒருவனின் ஒரு மாலைப்பொழுது விழுங்கிற்று. அங்கே அவளுக்குச் சிக்கனம் போதித்தது எரிகின்ற கூரையின் கீழ் நின்று விளக்கின் திரியைக் குறைக்கச் சொன்னதற்கு ஒப்பாகும்.

கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் 1947ஆம் ஆண்டு தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியலில் இறங்கிக் காவல்துறையோடு மோத நேர்ந்தது. அவர்கள் சபையின் பெயரால் கிளம்பியவர்கள் அல்லர். எனினும் லேமுவேலின் தாய் சொன்னதை நடுத்தெருவில் நின்று சொன்னவர்கள் அவர்களே.

வேறொரு சான்றும் உண்டு. மலேசியப் பெண்களிடையே கூட்டு என்ற சேமிப்பு முறை நெடுநாள் வழங்கியது. மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று போட்டு, திரண்ட தொகையை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வர். பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும் மகளின் தோட்டுக்கும் கணவனறியாமல் தாய் பணம் திரட்டிய வழி அது. கூட்டு நடத்துவோர் பணத்தோடு மறைந்துவிட்டால் முறையிட இடமில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதையே தடைசெய்தது. தடைக்குக் காரணம் இருந்தது. ஆயினும் தன் பெயரில் வங்கிக் கணக்கும், கணவனோடு அமர்ந்து வரவுசெலவு பேசும் உரிமையும் இருந்திருப்பின் அவள் அந்த ஆபத்தை ஏன் நாடியிருப்பாள்?

இவ்விடத்தில் மறுப்புரை எழும். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் விதித்திருக்க, பணத்தின்மீது அவளுக்கு அதிகாரம் கேட்பது வேதத்துக்கு விரோதமாகாதா என்பர். அதே அதிகாரம் கணவனுக்கு விதிப்பது என்ன? கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தது போல மனைவியிடத்தில் அன்புகூர வேண்டும் என்பது. தன்னை ஒறுத்துக்கொடுக்கும் கடமை அங்கே கணவனின் தோளில் ஏற்றப்பட்டுள்ளது. நடைமுறையிலோ ஒறுத்தல் அவளுக்கும் தலைமை அவனுக்கும் என்று பங்கு பிரிந்திருக்கின்றது. வேதத்தை மீறுவோர் யார் என்பதை மறுப்போரே எண்ணிப்பார்க்கட்டும். 31ஆம் அதிகாரத்துப் பெண்ணும் கைநீட்டிச் செலவுக்குக் காசு கேட்பவள் அல்லள். நிலத்தை ஆராய்ந்து வாங்குகின்றாள். திராட்சைத் தோட்டம் நடுகின்றாள். ஆடை நெய்து விற்கின்றாள். ஏழைக்குத் தன் கையாலேயே கொடுக்கின்றாள். அவளுடைய கணவரோ நகர வாயிலில் மூப்பர்களோடு அமர்ந்திருக்கின்றார். (அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு விளக்கமில்லை.) அவளுடைய கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கவேண்டும் என்பது அதிகாரத்தின் கடைசி வசனம் வைக்கும் கோரிக்கை.

திருவள்ளுவரைத் துணைக்கழைப்போர்க்கும் இதுவே விடை. வாழ்க்கைத்துணைநலத்தின் முதற்குறள், கொண்டவனின் வளத்துக்குத் தக்கபடி வாழ்பவளே துணை என்கின்றது. வளத்துக்குத் தக்கபடி வாழவேண்டுமாயின் வளம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா? சம்பள உறையை மனைவியின் கண்ணில் காட்டாதவன் அக்குறளை மேற்கோள் காட்டும் தகுதியை இழந்துவிடுகின்றான்.

மெதடிஸ்ட் சபையார் தாய்மைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றுவது சூசன்னா வெஸ்லி அம்மையாரை. 1669இல் பிறந்து 1742இல் மறைந்தவர். 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். ஜான் வெஸ்லியின் தாய். அவருடைய சிக்கனமும் பொறுமையும் பிரசங்கங்களில் அடிக்கடி பேசப்படும். 1705இல் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடனை அடைக்க முடியாமல் அவருடைய கணவர் சாமுவேல் வெஸ்லி லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். கணவரின் செலவுக்கென்று அம்மையார் தம் மோதிரங்களை அனுப்பிவைத்தார். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். உணவுக்கே வழியில்லாத நிலை வந்ததுண்டா என்று யார்க் பேராயர் அம்மையாரிடம் கேட்டார். அப்படிச் சொல்லமுடியாது என்றார் அம்மையார். ஆனால் உண்பதற்குமுன் அதைத் தேடவும் உண்டபின் அதற்குரிய கடனைத் தீர்க்கவும் பட்ட பாடு, உணவையே கசக்கச் செய்தது என்றும், அவ்வாறு உண்பது உணவில்லாமைக்கு அடுத்தபடியான அவலம் என்றும் தயங்காமல் சொல்லிவிட்டார். ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார், குறையொன்றுமில்லை’ என்று பூசிமெழுகவில்லை. தாய்மார் பின்பற்றத்தக்க பண்பு அதுவே.

அவ்வம்மையார் 1732இல் மகன் ஜானுக்கு எழுதிய மடலில் தம் வீட்டின் நெறிகளை வரிசைப்படுத்தியிருக்கின்றார். எந்தப் பெண்பிள்ளையும் நன்றாக வாசிக்கக் கற்கும்வரை அவளைத் தையல்வேலையில் அமர்த்தக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற தாய் பெண்களின் படிப்பில் சிக்கனம் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு சோஃபியா பிளாக்மோர் அம்மையார் ஒன்பது மாணவிகளோடு தொடங்கிய பள்ளியும் தமிழ்ப் பெண்பள்ளி என்ற பெயரோடுதான் தொடங்கிற்று; பின்னாளில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என வளர்ந்தது. பெண்ணுக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்த சபை, அவள் மணமானபின் வீட்டுக் கணக்கை அவளிடமிருந்து மறைத்துவைக்கும் வழக்கத்தைக் கண்டுங்காணாது போவது விந்தை.

சிக்கனமே பழங்காலத்துப் பத்தாம்பசலித்தனம் என்று நகைப்போர் மறுபுறம் நிற்கின்றனர். தாய் பால்மாவு டின்னைக் கழுவி மிளகாய் வைத்தால் அவர்களுக்குச் சிரிப்பு. அன்னையர் தினத்தன்று விடுதி விருந்துக்கு அழைத்துச்சென்று, அந்தக் கட்டணத்தைத் தவணையில் செலுத்துவோரும் அவர்களுள் உண்டு. அவர்களோடு நெடுக வாதிட வேண்டுவதில்லை. அன்னா ஜார்விஸ் அம்மையார் 1908இல் அமெரிக்காவின் கிராஃப்டன் நகரத்து மெதடிஸ்ட் ஆலயத்தில் தம் தாயின் நினைவாக அந்நாளைத் தொடங்கிவைத்தார். 1914இல் அது அரசு அறிவித்த நாளாயிற்று. பூவும் மிட்டாயும் வாழ்த்தட்டையும் விற்போர் அதனைப் பற்றிக்கொண்டதைக் கண்டு வெகுண்டு, 1948இல் இறக்கும்வரை தாம் தொடங்கிய விழாவின் வணிகத்தையே எதிர்த்துநின்றார் என்பதை அறிந்தால் போதும்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘என் தாய்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் பலரும் எழுதுவது ஒன்றே: எல்லாரும் உண்டபின் அம்மா உண்பார், மீன்துண்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தமக்குப் பசியில்லை என்பார். ஆசிரியர் நெகிழ்ந்து மதிப்பெண் இடுகின்றார். பசியில்லை என்று தாய் சொல்வது பொய்யென்று எழுதிய மாணவருக்கும் தெரியும், திருத்திய ஆசிரியருக்கும் தெரியும். அப்பொய்யைத் தியாகம் என்று ஏடுதோறும் எழுதி வளர்ந்த சிறுவன் நாளை தன் மனைவியிடமும் அதையே எதிர்பார்ப்பான். ‘எங்கள் வீட்டின் வரவுசெலவை யார் எழுதுகின்றார்?’ என்ற தலைப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். கட்டுரைகள் முன்போல் இனிக்கமாட்டா.

சபைகள் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. பிடியரிசியோ அதன் இடத்தில் வந்த காணிக்கை உறையோ, கொடுத்த தாயின் பெயரிலேயே பதிவேட்டில் ஏறட்டும். திருமணத்துக்கு முன் மணமக்களை அமர்த்தி அறிவுரை கூறும் போதகர், இருவரின் சம்பளத்தையும் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லட்டும். அடுத்த மே மாதத்தில் 31ஆம் அதிகாரம் முதல் வசனத்திலிருந்து வாசிக்கப்படட்டும். அன்றைய மதியச் சமையலை எந்த ஆடவர் பொறுப்பேற்பது என்பதையும் சபைக்குழு ஒரு வாரத்துக்கு முன்னரே முடிவுசெய்து அறிவித்துவிடுவது நல்லது. மசாலை அரைக்கவும் நேரம் வேண்டுமல்லவா?