பத்தில் நான்கு முளைக்காது

ஆடி பிறந்துவிட்டால் மாடித்தோட்டப் பயிற்சியாளர்களின் தொலைபேசி ஓயாது. பத்து மிளகாய் விதை ஊன்றினேன், ஆறுதான் வந்திருக்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, இல்லை எனக்குத்தான் கைராசி இல்லையா என்று கேட்பார் புதிதாகத் தோட்டம் போட்டவர். இரண்டும் இல்லை. இந்தியாவின் விதைச் சான்றளிப்புத் தரம் மிளகாய்க்குக் கேட்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறனே 60 சதவீதம்தான். வெண்டைக்கு 65, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. பத்துக்கு ஆறு கண்டவர் தேறிய விதையைத்தான் வாங்கியிருக்கிறார்.

மேட்டுப்பாத்தியில் கிராம் கணக்கில் தூவும் நாற்றங்கால்காரருக்கு முளைக்காத விதை கண்ணிலேயே படாது. குழித்தட்டில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தவருக்கோ காலிக் குழி ஒவ்வொன்றும் உறுத்தும். எல்லா விதையும் முளைக்காது என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லாதது பயிற்சி தருவோரின் குறை. பரிந்துரைகள் பெரும்பாலும் ஏக்கருக்கும் எக்டருக்கும் எழுதப்பட்டவை. அவற்றைத் தொட்டிக்கும் பைக்கும் ஏற்ப மாற்றிச் சொல்லும் வேலையைத் தோட்டக்கலைத் துறை இன்னும் ஒழுங்காகச் செய்யவில்லை.

விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி பூஞ்சைப் பொடி என்கின்றன கையேடுகள். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 தக்காளி விதை இருக்கும். பத்து விதை வைத்திருப்பவர் எந்தத் தராசில் நிறுப்பார்? விரல் நுனியில் ஒட்டும் பொடியை ஈர விதையில் புரட்டினால் போதும் என்று சொல்லிவிடலாம். கீரைத்தண்டுக்கு எக்டருக்கு 2.5 கிலோ என்றால் சதுர மீட்டருக்குக் கால் கிராம். அதை ஒரு கை மணலில் கலந்து தூவச் சொல்லாவிட்டால் பாக்கெட் முழுவதும் ஒரே பையில் கொட்டப்படும். மணலோடு கொஞ்சம் அரிசி நொய்யும் சேர்ப்பது பழைய வழக்கம். எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பும். முளைக்கவே இல்லை என்று வரும் புகார்களில் எறும்பு இழுத்துப்போன கணக்கும் உண்டு.

விதையின் வயதும் பேசப்படுவதில்லை. சான்று விதையின் நீல அட்டைக்குச் செல்லுபடிக் காலம் சோதித்த நாளிலிருந்து 9 மாதம். பெரிய பொட்டலம் பிரிந்து சின்னஞ்சிறு பாக்கெட்டுகளாகும்போது அட்டை கடையிலேயே நின்றுவிடுகிறது. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன தோராயக் கணக்கு. சமையலறை அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த வெங்காய விதையிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. விநியோகிக்கும் முன் 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்ப்பது நாற்றங்கால்காரர்களுக்குப் புதிதல்ல. மிளகாய்க்கு 14 நாள் பொறுக்க வேண்டும். எத்தனை முளைத்தன என்ற எண்ணைப் பாக்கெட்டின் மேல் பேனாவால் எழுதித் தருவதற்குச் செலவே கிடையாது.

இதையெல்லாம் தாண்டி முளைத்து வந்ததைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையை மாலையில் பார்த்தால் மேல்பரப்பு வெளுத்துக் காய்ந்திருக்கும். உடனே ஒரு குவளை ஊற்றத் தோன்றும். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை நுழைத்துப் பார்த்தால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டும். பித்தியம் பூஞ்சைக்கு வேண்டியது இதுதான். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து, நூலாக மெலிந்து, மாலைக்குள் சாய்ந்துவிடும். வித்திலைகள் இன்னும் பச்சையாகவே இருப்பதால் வாடல் என்று நினைத்து மறுபடியும் தண்ணீர் ஊற்றுகிறார் புதியவர். நாற்றழுகல் என்ற நோயின் பெயரைச் சொல்லித் தருவதைவிட, பிழிந்தால் சொட்டாத பதம் எது என்று அவர் கையிலேயே பிடிக்கக் கொடுப்பது மேல். நார்க்கழிவை உப்புப் போகக் கழுவுவதும் மட்கிய எருவும் செம்மண்ணும் கலப்பதும் அதற்கு முந்தைய வேலை.

ஆழத்துக்கு விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்ற கணக்கு போதும். பயிர்த் தேர்வு அப்படி எளிதாக முடிவதில்லை. சமவெளியில் சித்திரை வெயிலில் கேரட் விதையைக் கையில் கொடுத்து ஒருவரை அனுப்புவது அவரைத் தோட்டத்திலிருந்தே விரட்டும் வழி. முதல் பருவத்துக்கு வெண்டை, கொத்தவரை, கீரை போதும். இவற்றைப் பிடுங்கி நட வேண்டியதில்லை. வெண்டை நான்காம் நாளிலேயே தலைகாட்டத் தொடங்கும். பாகலை இரவு ஊற வைக்கலாம். மல்லியைத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். முள்ளங்கியையும் பீட்ரூட்டையும் நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணும். பீட்ரூட்டில் விதை என்று கைக்கு வருவதே பல கருக்கள் சேர்ந்த ஒரு கொத்து. ஒன்று ஊன்றினால் இரண்டு மூன்று எழும்பும், ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ள மனம் வராது. நாற்றுவிடும் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் இரண்டாம் பாடம். தக்காளியை 25 நாளில் நடலாம், மிளகாய்க்கு 40 நாள்வரை ஆகும்.

பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு நாளில், மதிய உணவோடு முடிகின்றன. விதை அந்த ஒரு நாளில் எதையும் காட்டாது. தட்டில் விதைத்துக் கையோடு கொடுத்தனுப்பி, பதினைந்தாம் நாள் அதே தட்டுகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாம். காலிக் குழி, சாய்ந்த நாற்று, வெயில் போதாமல் வெளிறி நீண்ட தண்டு எல்லாம் ஒரே மேசையில் வந்து சேரும். மாநிலத் தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளைகளோடு இந்த இரண்டாம் வகுப்பையும் சேர்ப்பது கடினமில்லை. அதற்குத் தேவை இன்னொரு தேதியும் ஒரு பயிற்றுநரின் அரை நாளும்தான்.