குளிர் மீது பழி போடாதீர்கள்

ஒவ்வொரு ஜனவரியிலும் இதே கதைதான். கல்யாண வீடானாலும் செத்த வீடானாலும் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்: "மின்சாரக் கார் கனடாவுக்குச் சரிவராது. மைனஸ் இருபதில நடுரோட்டில நிண்டுடும்." சொல்பவரிடம் அந்தக் கார் இருக்காது. வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தாலும் அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை.

ஸ்காபரோவில் மூன்றாவது வின்ரராக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். கேளாமலே சொல்கிறேன்.

குளிரில் ஓடும் தூரம் குறையும், அதில் பொய்யில்லை. 2025 பெப்ரவரியில் சி.ஏ.ஏ. பல மின்சாரக் கார்களை மைனஸ் 7 முதல் மைனஸ் 15 பாகைக் குளிரில் ஓட்டிப் பார்த்தது. தூரம் 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. குளிரில் பற்றரி மந்தமாகும். ஹீற்றருக்கும் அதே பற்றரிதான் மின்சாரம் கொடுக்கவேண்டும். பெற்றோல் காரில் எரிபொருளின் பெரும்பகுதி சூடாக வீணாகிறது; அந்த வீண் சூட்டில்தான் இத்தனை வருடமும் குளிர்காய்ந்தோம்.

சரி, 400 கிலோமீற்றர் ஓடும் காரில் 39 சதவீதம் போனாலும் 244 மிஞ்சும். மிசிசாகாவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வர இது போதாதா? நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். ஒஸ்லோவில் உள்ள சொந்தக்காரரைக் கேளுங்கள், அங்கே பனி கொட்டுவதில்லையா என்று.

இன்னொன்று. வினிபெக்கிலும் எட்மன்ரனிலும் கார் தரிப்பிடங்களில் பிளக் கம்பங்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவை பெற்றோல் கார்களுக்காக வைத்தவை. இரவில் இஞ்சினைச் சூடாக்காவிட்டால் காலையில் கார் இயங்காது. குளிர்நாட்டில் பெற்றோல் காருக்கே பிளக் தேவைப்பட்டது. அதை யாரும் குறை சொல்லவில்லை. பிளக் வைத்துக் கொடுத்தார்கள்.

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. வீட்டில் பிளக் உள்ளவர் புறப்பட முன்னரே சுவர் மின்சாரத்தில் காரையும் பற்றரியையும் சூடாக்கிவிடுவார். கொண்டோவில் இருக்கும் என் போன்றவர் குளிர்ந்த பற்றரியோடு பிளாசாவுக்குப் போய் சார்ஜருக்கு வரிசையில் நிற்கிறோம். குளிர்ந்த பற்றரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும். எழுபது தாண்டியவர்கள் பனிக்காற்றில் அந்தத் தடித்த வயரை இழுக்கவேண்டியிருக்கிறது. இது குளிரின் குற்றமா?

எங்கள் கட்டட நிர்வாக சபையிடம் கேட்டால் "குளிர்நாட்டில் இதற்கு எதிர்காலம் இல்லை" என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! 2018 மே மாதம் முதல் ஒன்ராறியோவில் கொண்டோ உரிமையாளர் தன் செலவில் சார்ஜர் பூட்ட விண்ணப்பிக்கலாம். சட்டம், கட்டட உறுதி, பாதுகாப்பு போன்ற காரணம் இருந்தால்தான், அதுவும் நிபுணர் அறிக்கையோடுதான், சபை மறுக்கலாம். காலநிலை ஆரூடம் அந்தப் பட்டியலில் இல்லை.

உங்களில் பலர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய், தேநீர் குடித்து, கையெழுத்து வைத்துவிட்டு வருகிறீர்கள். அடுத்த முறை கையை உயர்த்துங்கள். கார் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் கேளுங்கள்: "எங்கள் தரிப்பிடத்துக்குப் பிளக் எப்போது வரும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.