மருந்தும் உடலின் ஆயத்தமும்

விழா மலர்களிலே பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபு நன்றே. எனினும், இம்மலரைக் கையிற் கொள்வோருட் பெரும்பாலார் ஊவாவின் மலைச்சரிவுகளிலே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே பிறந்து வளர்ந்தவர். அல்லது அவ்வாறு வளரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர். ஆதலின், நம் எல்லார்க்கும் பொதுவான ஒரு பொருளைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விழைகின்றேன். நோய்க்கு மருந்துண்ணுமுன் உடலை ஆயத்தஞ் செய்தல் வேண்டுமா? வேண்டுமெனின், எவ்வாறு, எப்பொழுது? இதுவே அப்பொருள். யான் வைத்தியனல்லன், தமிழாசிரியன். ஆயினும், நோயினால் வகுப்பறையில் வெறுமையாகும் இருக்கைகளை நாடோறும் எண்ணுபவன் ஆசிரியனே ஆதலின், இதைப் பற்றிப் பேச அவனுக்கும் உரிமையுண்டு.

வயிற்றைச் சுத்தி செய்யாமல் மருந்துண்ணலாகாது என்பது நம் முன்னோர் கொள்கை. சித்த வைத்தியர் முதலிற் பேதிக்குக் கொடுப்பர். பின்னர்ப் பத்தியம் வகுப்பர். அதன் பின்னரே மருந்து. ஆயுர்வேதமும் பெருஞ்சிகிச்சைக்கு முன்னே எண்ணெயிடுதல், வியர்ப்பித்தல் ஆகியவற்றைப் பூர்வகர்மம் எனப் பெயரிட்டு வைத்துள்ளது. இவற்றை மூடப்பழக்கமென்று தள்ளுதல் எளிது. ஆயினும் அது நியாயமாகாது. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களுட் பெரும்பகுதியை உணவின் ஒழுங்குக்கே ஒதுக்கினார். இறுதியிலேதான் வைத்தியனை அழைத்தார். அழைத்த வைத்தியனுக்கும் நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம் என்னும் மூன்றையும் எண்ணிச் செயற்படுமாறு விதித்தார். இம்மூன்றனுள் மூன்றாவதாகிய காலத்தை நாம் மறந்தோம் என்பதே என் வாதம்.

உடலை ஆயத்தஞ் செய்யும் வழக்கம் நம் தோட்டங்களிலே மேனாட்டு வைத்தியத்தின் வழியாகவும் வேரூன்றிய வரலாறு ஒன்றுண்டு. அது கொளுக்கிப் புழுவின் வரலாறு. கொக்கிப்புழு என்றும் அதனை வழங்குவர். மலங்கலந்த ஈரமண்ணிற் பொரிக்கும் இப்புழுவின் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். இரத்தத்தோடு நுரையீரலை அடையும். தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிற் சேரும். அங்கே கௌவிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். தோலின் வழியே அது புகும் என்பதை ஆதர் லூஸ் என்னும் அறிஞர் கெய்ரோ நகரில் 1898ஆம் ஆண்டளவிலே கண்டறிந்தார். மழையும் நிழலும் ஈரமும் நிறைந்து, மலகூடமின்றியும் செருப்பின்றியும் மாந்தர் வாழ்ந்த தேயிலைத் தோட்டங்களை விட இப்புழுவுக்கு உவந்த இடம் வேறில்லை.

தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிகளைக் குறித்து 1912ஆம் ஆண்டிலே இலங்கையிற் சட்டம் இயற்றப்பட்டது. 1916ஆம் ஆண்டிலே, அமெரிக்க ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் துணையோடு, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. அக்காலத்து முக்கிய மருந்து செனப்போடியம் எண்ணெய். அதை உண்பதற்கு முதல்நாள் மாலை உணவைக் குறைத்துப் பேதியுப்பு கொடுப்பர். மறுநாட் காலையில் வெறுவயிற்றிலே எண்ணெயைப் பகுத்துக் கொடுப்பர். பின்னர் மீண்டும் பேதியுப்பு. குடல் வெறுமையாயிருந்தால் மருந்து புழுவை நன்கு தாக்கும்; வேலை முடிந்த மருந்து உடலில் ஊறுமுன் வெளியேற வேண்டும். இவையே காரணங்கள். ஏனெனில், அம்மருந்து புழுவுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் நஞ்சு. மயக்கமும் செவிட்டுத்தன்மையும் சிற்சில இடங்களிலே மரணமும் அதனால் நேர்ந்ததுண்டு. எனவே, அன்றைய ஆயத்தம் அறிவுடைய செயலே.

1921ஆம் ஆண்டிலே மோரிஸ் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் காபன் நாற்குளோரைட்டு இப்புழுவைக் கொல்லும் என்று காட்டினார். மலிவானது, விரைவானது என்று உலகெங்கும் அதனைக் கையாண்டனர். ஆயினும் மரணங்கள் சில நேர்ந்தன. ஆராய்ந்தபொழுது, மது அருந்துவோரும் உடலிற் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தோரும் அம்மருந்தைத் தாங்கமாட்டார் என்பது புலனாயிற்று. இவ்விடத்திலே வாசகர் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரே மருந்து, ஒரே அளவு; நன்கு உண்டவன் பிழைக்கிறான், வறியவன் வீழ்கிறான். முதல்நாள் மாலை கொடுத்த பேதியுப்பு அவனைக் காக்கவில்லை. அவனைக் காத்திருக்க வேண்டியது பல ஆண்டுகள் அவன் உண்ணாமற் போன உணவு. உடலின் ஆயத்தம் ஓரிரவிலே முடிவதன்று என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது.

அவ்வியக்கம் கற்பித்த பாடம் மற்றொன்றும் உண்டு. மருந்துண்டு புழு நீங்கியவன், மறுநாள் அதே வெறுங்காலோடு அதே மண்ணை மிதித்தான். மலகூடங்கள் கட்டப்படாத இடங்களிலே புழு மீண்டும் மீண்டும் உடலிற் குடியேறிற்று. ஒரு வேளை மருந்துக்கு ஆகும் பணம் சிறிது. ஒவ்வொரு லயத்துக்கும் மலகூடம் கட்ட ஆகும் பணம் பெரிது. உடலை மருந்துக்கு ஆயத்தஞ் செய்தனர். உடல் வாழும் இடத்தை ஆயத்தஞ் செய்யத் தயங்கினர்.

இன்று அம்மருந்துகள் யாவும் வழக்கொழிந்தன. அல்பெண்டசோல், மெபண்டசோல் என்னும் மாத்திரைகளே கொளுக்கிப் புழுவுக்குப் போதுமானவை. அவற்றுக்குப் பேதியும் வேண்டா, பட்டினியும் வேண்டா. கருவுற்ற தாய்மாருக்கும் முதல் மூன்று மாதங்கள் கழிந்தபின் பூச்சி மாத்திரை கொடுப்பது நம் நாட்டுச் சுகாதார முறை. மருந்து மாறிற்று, காரணம் மறைந்தது, வழக்கமோ நிலைபெற்றது. புழுவுக்கு வகுத்த விதியை எல்லா நோய்க்கும் விரித்து, காய்ச்சல் கண்டவனையும் இரண்டு நாள் கஞ்சியில் வைத்து, ஒரு நாள் பேதிக்குக் கொடுத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு பதுளை வைத்தியசாலைக்குப் போகலாம் என்று சொல்லும் இல்லங்கள் இன்றும் உள. கேடு விளைவது இங்கேதான்.

நம் மலைநாட்டிலே உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. புதர்க்காட்டு நுண்பூச்சிகளால் வரும் மற்றொரு காய்ச்சலும் இலங்கையிலுண்டு. அப்பூச்சி கடித்த இடத்திற் சில வேளை கரும்பொருக்கு ஒன்று காணப்படும். மகியங்கனைப் பக்கத்து வயல்வெளிகள் போன்ற சேற்று நிலங்களில் உழைப்போர்க்கு எலிக்காய்ச்சல் அச்சம் உண்டு. 2008ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் 7,000க்கும் மேற்பட்டோரை எலிக்காய்ச்சல் பற்றியதாகப் பதிவாயிற்று. உண்ணிக் காய்ச்சல் வகைகளுக்கு டொக்சிசைக்கிளின் என்னும் மாத்திரை உரிய காலத்திற் கிடைப்பின், பெரும்பாலும் இரண்டு நாளிலே காய்ச்சல் தணியத் தொடங்கும். காலந் தாழ்ப்பின் மூளையும் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதுறும். இங்கே நோயாளியின் நிலையையும் நோயின் நிலையையும் விடக் காலமே பெரிது. காய்ச்சலிற் பேதிக்குக் கொடுப்பது உடலை ஆயத்தஞ் செய்வதன்று. உள்ள நீரையும் உப்பையும் வெளியேற்றி அதனை நிராயுதமாக்குவதே.

இது கல்லாதார் குறையென்று கருதவேண்டா. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் நாடுகளிலும் இதே மயக்கம் புதிய உடை அணிந்து உலவுகின்றது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றோர் ஊர். 1975ஆம் ஆண்டளவிலே அவ்வூரிலும் அயலூர்களிலும் சிறுவர் பலர் மூட்டு வீக்கத்தால் வருந்தினர். அதனால் அந்நோய் லைம் நோய் எனப் பெயர் பெற்றது. மானைப் பற்றும் உண்ணி கடித்தலால் வரும் இந்நோயின் கிருமியை வில்லி பர்க்டோர்ஃபர் என்னும் அறிஞர் கண்டறிந்த செய்தி 1982ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. திருகாணி போன்ற உருவமுடைய அக்கிருமி, நம் எலிக்காய்ச்சற் கிருமிக்கு உறவு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் அந்நோய் உண்டு. தொடக்கத்திலே தோலில் வளையம்போற் சிவப்புத் தோன்றும். அப்பொழுதே டொக்சிசைக்கிளின் போன்ற மருந்தை இரண்டு மூன்று வாரம் உண்பின் பெரும்பாலார் நலமடைவர். விட்டுவிடின் மூட்டையும் நரம்பையும் இருதயத்தையும் தாக்கும். ஆயினும், மருந்து தொடங்குமுன் வாரக்கணக்கிற் கஷாயங்குடித்து, வியர்த்து, உணவைச் சுருக்கி, 'உடலின் நச்சை நீக்கி' ஆயத்தமாக வேண்டுமென்று அங்கே போதிப்பாரும், அதற்கான பொருள்களை விற்பாரும் உளர். நச்சை நீக்க ஈரலும் சிறுநீரகமும் இரவும் பகலும் உழைக்கின்றன. அவற்றுக்கு ஊதியங் கேட்கும் வியாபாரி வேண்டா.

இம்மயக்கத்துக்கு ஓர் உண்மையான அடிப்படையும் உண்டு, அதையும் மறைத்தலாகாது. லைம் நோய், எலிக்காய்ச்சல் முதலிய திருகாணிக் கிருமி நோய்களிலே முதல் வேளை மருந்து உட்சென்ற சில மணி நேரத்திற் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் மிகுதல் சிலருக்கு உண்டு. கிருமிகள் ஒருசேர மடிதலால் விளையும் இதனை யாரிஷ், எர்க்ஸ்ஹைமர் என்னும் இரு வைத்தியர் பெயரால் வழங்குவர். பெரும்பாலும் ஒரு நாளிலே இது தணிந்துவிடும். இதைக் கண்ட வீட்டார், "மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் உடம்பைத் தேற்றுவோம்" என்று மருந்தை நிறுத்திவிடுவர். செய்யவேண்டியது நிறுத்துவதன்று, உடனே வைத்தியருக்கு அறிவித்து, அவர் கண்காணிப்பில் இருத்தலே.

"வலிய மருந்தை மெலிந்த உடல் தாங்குமா?" என்று பெரியோர் கேட்பர். நல்ல வினா. அதற்கு விடை மருந்தைத் தள்ளிப்போடுதலன்று. மெலிவை வைத்தியருக்குச் சொல்லுதல். கருவுற்றிருத்தல், முன்பு ஒரு மருந்தாற் கண்ட ஒவ்வாமை, மது அருந்தும் பழக்கம், உண்டுவரும் பிற மருந்துகள் ஆகியவற்றை நாணாமற் கூறுதலே முதல் ஆயத்தம். டொக்சிசைக்கிளினைக் கருவுற்ற காலத்திற் பொதுவாகத் தவிர்ப்பர். இரும்புச் சத்து மாத்திரையோடு ஒரே வேளையில் உண்பின் அதன் பயன் குறையும். நிறைந்த தண்ணீரோடு விழுங்கிச் சிறிது நேரம் படுக்காதிருத்தல் வேண்டும். இத்தகைய ஆயத்தங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். ஐந்து நாள் வேண்டா.

ஐந்து நாளிலும் முடியாத ஆயத்தமொன்று உண்டு; அதுவே நாம் மறந்தது. நோய் வருமுன்னரே இரத்தத்தில் இரும்பும் தட்டிற் பருப்பும் கீரையும் முட்டையும் காலிற் செருப்பும் லயத்துக்கு அருகே தூய மலகூடமும் இருத்தலே அது. உலகுக்குத் தேயிலை கொடுக்கும் நம் மக்கள், உணவோடு சாயத்தண்ணீர் அருந்தும் பழக்கத்தால் அவ்வுணவிலுள்ள சிறிது இரும்பையும் இழக்கின்றனர் என்பதை எத்தனை பேர் அறிவர்? தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவதற்கு ஒரு சதமும் செலவில்லை. வகுப்பில் இரண்டாம் பாடவேளையிலேயே தலை சாய்க்கும் பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தல் எளிது. அவன் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பின் வெளுத்திருக்கும். இலக்கணம் அவன் மனத்திற் பதியாமைக்கு இரத்தச் சோகையும் காரணமாகலாம்.

ஆனால், இவ்வாயத்தத்தைத் தொழிலாளி தனியே செய்துகொள்ள இயலாது. நாட்கூலியிலே அரிசி வாங்கியபின் முட்டைக்கு எஞ்சுவது எவ்வளவு? லயத்தின் மலகூடத்தையும் குழாய்நீரையும் கட்ட வேண்டியவர் யார்? 1916ஆம் ஆண்டிலே தோன்றிய இக்கேள்வி, தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992ஆம் ஆண்டிலே மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்ற பின்னரும் முற்றும் விடை பெறவில்லை. பத்தியம் உபதேசிப்பவர் முதலில் அடுப்பங்கரையைப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே நம் கல்லூரிக் குடும்பத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள். மாணவர்காள்! வீட்டிற் காய்ச்சல் கண்டவரைப் பேதிக்கும் பத்தியத்துக்கும் காத்திருக்கவிடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். காடு, வயல், எலி, உண்ணி ஆகியவற்றோடு அவருக்கு நேர்ந்த தொடர்பை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். தாய் தந்தையர் சொல்லத் தயங்குவதை எழுத்தறிந்த பிள்ளை சொல்லலாம். ஆசிரிய நண்பர்களே! பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளிலே ஒரு பிள்ளையேனும் விடுபடாதவாறு பார்த்துக்கொள்வோம். பழைய மாணவர்களே! மண்டபங்களும் வளைவுகளும் எழுப்புதல் சிறப்பே. அவற்றோடு, ஆண்டுதோறும் மிக எளிய மாணவருக்குச் செருப்பும், ஏதேனும் ஒரு லயத்துக்கு மலகூடமும் நம் சங்கத்தின் பெயரால் அமையுமாயின், அவற்றிற் கல்வெட்டுப் பதிக்க வேண்டியதில்லை. அப்பிள்ளைகளின் கண்ணிமைகளிலே சிவப்பாக அது எழுதப்பட்டிருக்கும்.

மருந்துக்கு உடலை ஆயத்தஞ் செய்யும் காலம் நோயுற்ற நாளன்று, நோயில்லாத நாளே. நோயுற்ற நாளிலே செய்யத்தக்கது வைத்தியசாலைக்குப் புறப்படுதல் ஒன்றே.